நாணற்பெட்டிக்குக் கீல் பூசிய தாய்: பிள்ளைகளை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுக்கப் பழகும் பெற்றோருக்கு

மட்டக்களப்பில் பிள்ளை பிறந்த கிறிஸ்தவ வீட்டுக்குப் போகிறவர்கள், குழந்தையின் நெற்றியைத் தொட்டுவிட்டுத் தாயிடம் சொல்லும் வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆண்டவர்ர கையில ஒப்புக்குடுத்திருங்க புள்ள, அவர் பாத்துக்கொள்ளுவார்." பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினாலும், தாய் கட்டாருக்கு விமானம் ஏறினாலும், மகன் இரவு பத்து மணியாகியும் வீடு திரும்பாவிட்டாலும் அதே வார்த்தைதான் சொல்லப்படுகிறது. சொல்லுகிறவர்கள் மனதாரத்தான் சொல்லுகிறார்கள். ஆனால் ஒப்புக்கொடுப்பது என்றால் திங்கட்கிழமை காலையில் எழுந்து எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று கேட்டால், விடை சொல்லுகிறவர்கள் மிகக் குறைவு.

நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பல ஆண்டுகள் ஞாயிறு பாடசாலையில் கற்பித்தவன். இந்தக் கட்டுரையை இரண்டு வகையினருக்காக எழுதுகிறேன்: அண்மையில் பெற்றோரானவர்கள், அண்மையில் விசுவாசத்துக்கு வந்து ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளோடு நிற்பவர்கள். படிகளாகப் பிரித்திருக்கிறேன், ஆனால் ஒரு படியை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்றில்லை. முதற்படிக்கே நான் இன்றும் அடிக்கடி திரும்பிப் போகிறேன்.

முதற்படி: பிள்ளை யாருடையது என்பதை வாய்விட்டுச் சொல்லுதல்

மெதடிஸ்த, கத்தோலிக்க, அங்கிலிக்கன் சபைகளில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் பிள்ளையைப் பிரதிஷ்டை செய்து, ஞானஸ்நானத்தை வளர்ந்த பின்பு கொடுக்கிறார்கள். முறை எதுவானாலும், அந்தச் சடங்கில் பெற்றோர் சொல்லும் வாக்குறுதிகளை முன்னதாகவே போதகரிடம் அல்லது குருவானவரிடம் கேட்டு வாங்கி, வீட்டில் இருவரும் அமர்ந்து ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். படம் எடுக்கிறவரையும் பார்சலுக்கு வரும் கேக்கையும் பற்றி நாம் பேசும் அளவுக்கு அந்த வாக்குறுதிகளைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் அனுபவம்.

127-ஆம் சங்கீதம் பிள்ளைகளைக் "கர்த்தரால் வரும் சுதந்தரம்" என்கிறது. இக்காலத்துப் பெற்றோர் இதை விடுதலை என்று விளங்கிக்கொள்ளுவதுண்டு. பழைய மொழிபெயர்ப்பில் சுதந்தரம் என்றால் முதுசம். நமக்கு முன் ஒருவருடையதாயிருந்து நம்மிடம் வந்து சேர்ந்த சொத்து. முதுசக் காணியை வைத்திருக்கிறவன் அதில் பயிர் செய்யலாம், வேலி அடைக்கலாம், அதன் விளைச்சலில் மகிழலாம். ஆனாலும் தானே அதை உண்டாக்கினவன்போல நடந்துகொள்ள மாட்டான். பிள்ளையைப் பற்றியும் அப்படியே நினைக்கப் பழக வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். நம் மாவட்டத்தில் விசுவாசத்துக்குப் புதிதாக வந்த குடும்பங்கள் பலவற்றில் அம்மம்மாவும் அப்பப்பாவும் சைவர்கள். நாவூறு படாமலிருக்க அம்மம்மா குழந்தையின் கையில் கறுப்பு நூல் கட்டுவார். கோயிலில் நேர்த்தி வைத்திருப்பார். நூலை அவர் கண்முன்னே அறுத்தெறிந்து விசுவாசத்தைக் காட்டிய இளம் தகப்பன் ஒருவரை நான் அறிவேன். அந்த வீட்டில் அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் மூன்று ஆண்டுகள் பழகவில்லை. பிள்ளைக்கு அதனால் வந்த நன்மை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த நூலில் இருப்பது பயம். அந்தப் பயத்துக்குள்ளே இருப்பது அன்பு. "அம்மா, நீங்க பயப்படுறது எங்களுக்கு விளங்குது, நாங்க இவனை ஆண்டவர்ர பாதுகாப்பில விட்டிருக்கம், நீங்களும் தூக்கி வச்சு வாழ்த்துங்க" என்று அமைதியாகச் சொல்லி, குழந்தையை அவர் மடியில் வைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கொப்பியில் ஒரு கோடு

விவிலியத்தில் பிள்ளையை ஆண்டவரிடம் விட்டவர்களுள் நான் புதியவர்களுக்கு முதலில் காட்டுவது மோசேயின் தாயை. யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு சில வசனங்களுக்குள் அவள் செய்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எபிரெய ஆண்குழந்தைகளைக் கொல்லும்படி எகிப்தின் அரசன் பார்வோன் கட்டளையிட்டிருந்த காலத்தில், பிறந்த பிள்ளையை மூன்று மாதம் ஒளித்து வைக்கிறாள். இனி ஒளிக்க முடியாது என்றானபோது நாணற்பெட்டி ஒன்றை எடுத்து, நீர் புகாதபடி அதற்குப் பிசினும் கீலும் (தாரும்) பூசுகிறாள். நதியின் நடு நீரோட்டத்தில் விடாமல் கரையோர நாணலுக்குள்ளே வைக்கிறாள். என்ன நடக்கிறதென்று பார்க்கத் தூரத்தில் பிள்ளையின் அக்காவை நிறுத்துகிறாள். அதற்கு மேல் அவளால் ஆகக்கூடியது எதுவுமில்லை. முதலையும் நீரும் பார்வோனுடைய குமாரத்தியின் மனமும் அவள் கைக்குள் இல்லை.

வாவிக் கரையில் தோணியின் விரிசலை அடைக்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். மீன் கிடைக்குமா, காற்று எழும்புமா என்பதெல்லாம் அவர் கையில் இல்லை. ஆனால் அடைக்காத தோணியை நீரில் தள்ளிவிட்டு "ஆண்டவர் பார்த்துக்கொள்ளுவார்" என்று அவர் சொல்ல மாட்டார். பிள்ளை விடயத்தில் மட்டும் நாம் இரண்டு பக்கமும் தவறுகிறோம். சிலர் கீல் பூசாமலே பெட்டியை விடுகிறார்கள். வேறு சிலர், நான் உட்பட, கீல் பூசிய பின்பும் பெட்டியைக் கரையில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டே இருக்கிறோம்.

ஆகவே ஒரு சாதாரண கொப்பியை எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடது பக்கத்தில் "என் வேலை", வலது பக்கத்தில் "அவர் கையில்". பிள்ளையைப் பற்றிக் கவலை எழும்போது அதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். "மகளின் எதிர்காலம்" என்று எழுதுவதில் பயனில்லை. "மகள் மாலை ரியூசன் முடிந்து இருட்டில் சைக்கிளில் வருகிறாள்" என்று எழுதுங்கள். அதில் என் வேலை எது? சைக்கிளுக்கு லைட் பூட்டுவது, இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து வரச் சொல்லுவது, வகுப்பு நேரத்தை ஆசிரியரிடம் கேட்டுப் பார்ப்பது, முடியாவிட்டால் பாலத்தடியில் போய் நிற்பது. அவர் கையில் எது? அந்த வீதியில் வரும் மற்ற எல்லா வாகனமும். இடது பக்கத்தில் எழுதியதை அன்றே செய்துவிட்டு, வலது பக்கத்தில் எழுதியதைச் சத்தமாக வாசித்துக் கொப்பியை மூடுங்கள். மூடிய பின்பும் பயம் இருக்கலாம். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவி செய்யும்" என்று மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் கதறியவனும் ஒரு பிள்ளையின் தகப்பன்தான். அவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை.

மூன்றாம் படி: பிள்ளையோடு சேர்ந்து, சுருக்கமாக ஜெபித்தல்

காலையில் பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளையின் தலையில் கை வைத்து இரண்டு வரி சொன்னால் போதும். வான் வந்து ஹோன் அடிக்கும்போது நீண்ட ஜெபம் செய்தால், பிள்ளை ஜெபத்தையும் அவசரத்தையும் சேர்த்தே வெறுக்கப் பழகும்.

இரண்டு பழக்கங்களைத் தொடக்கத்திலேயே தவிர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஜெபத்தை ஏச்சாக மாற்றுவது. "ஆண்டவரே, இந்தப் பிள்ளை பொய் சொல்லாமல், தம்பிக்கு அடிக்காமல், போனைப் பார்க்காமல் இருக்க உதவி செய்யும்" என்று பிள்ளை கேட்கும்படி ஜெபிக்கிறவர், ஆண்டவரிடம் பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைக்கு ஏசுகிறார். பிள்ளைகளுக்கு இது ஐந்து வயதிலேயே விளங்கிவிடும். மற்றது, ஜெபக்குறிப்பு. பதினாறு வயது மகளின் மனக்குழப்பத்தை வீட்டு ஜெபக்கூட்டத்தில் "ஜெபிச்சுக்கொள்ளுங்க அக்கா" என்று சொல்லிவைத்தால், அது ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே ஆரையம்பதி தாண்டிப் போய்விடும். பிள்ளையின் அனுமதி இல்லாமல் பிள்ளையின் இரகசியத்தை ஜெபக்குறிப்பாக்கக் கூடாது. பெயர் சொல்லாமல் "என் வீட்டுக் காரியம் ஒன்று" என்று சொன்னாலும் ஆண்டவருக்கு விளங்கும்.

நான்காம் படி: நோய் வரும்போது

இந்தப் படியில் நான் தவறியிருக்கிறேன். அதனால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஏழு வயதாயிருந்தபோது, மாரி மழை விட்டு நுளம்பு பெருகியிருந்த காலத்தில் காய்ச்சல் வந்தது. அப்போது ஊருக்கு வந்திருந்த ஊழியர் ஒருவர் ஜெபித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடுவது விசுவாசக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் இரவு காய்ச்சல் விட்டது. நாங்கள் ஸ்தோத்திரம் சொல்லி, அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டுச் சாட்சி சொன்னோம். மறுநாள் காலையில் மகன் எழும்ப மனமில்லாமல் சோர்ந்து கிடந்தான். வயிறு நோகிறது என்றான். பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர் வந்து அவன் பாதங்களைத் தொட்டுப் பார்த்தார். பாதங்கள் குளிர்ந்திருந்தன. "காய்ச்சல் விட்டதுதான் பயம், உடனே தூக்குங்க" என்றார். டெங்கு. பிள்ளை பிழைத்தான். அந்த ஓட்டோவில் போன இருபது நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

டெங்கில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில்தான் தொடங்குகிறது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கொடுக்கக்கூடிய மருந்து வயதுக்கும் நிறைக்கும் ஏற்ற அளவு பரசிட்டமோல் மட்டுமே. அஸ்பிரினும் இபுபுரோபனும் இரத்தக் கசிவைக் கூட்டும். தொடர்ந்த வாந்தி, வயிற்றுவலி, சோர்வு, குளிர்ந்த கைகால், சிறுநீர் குறைதல், முரசிலோ மூக்கிலோ இரத்தம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

இதையெல்லாம் ஒரு விசுவாசக் கட்டுரையில் எழுதுவது ஏன் என்று கேட்பவர்கள் இரண்டாம் இராஜாக்கள் இருபதாம் அதிகாரத்தை வாசிக்கட்டும். எசேக்கியா ராஜா பிழைப்பான் என்று ஆண்டவரே வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசியே, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். வாக்கு இருந்தும் பற்று வேண்டியிருந்தது. தடுப்பூசிக்கும் இதே நியாயம்தான். குடும்பநல மாது வீட்டுக்கு வரும்போது வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக் கொடுப்பதும் ஒப்புக்கொடுத்தலின் ஒரு பகுதி.

ஐந்தாம் படி: பரீட்சையும் பேரம் பேசுதலும்

பத்து வயதுப் பிள்ளை 200 புள்ளிக்கு எழுதும் புலமைப்பரிசில் பரீட்சையில் நம் வீடுகள் படும் பாட்டை வெளியூரார் பார்த்தால், நாட்டின் தலைவிதியே அந்த ஒரு நாளில் தீர்மானிக்கப்படுகிறது என்று நினைப்பார்கள். அதற்குப்பின் சாதாரண தரம், உயர்தரம், பல்கலைக்கழகத் தெரிவுக்கான இசெட் புள்ளி. ஒவ்வொன்றுக்கும் முன்பு சபையில் பேனையை வைத்து ஜெபிக்கிறார்கள். அதில் பிழையில்லை. பிழை வருவது, "ஒன்பது ஏ எடுத்தால் சபையில் சாட்சி சொல்லுவேன், காணிக்கை போடுவேன்" என்று பேரம் தொடங்கும்போது. பெறுபேறு குறைந்தால் அந்தப் பேரம் பிள்ளையின் தலையில்தான் விழும். புள்ளியை மட்டுமல்ல, ஆண்டவருக்கான சாட்சியையும் தான் கெடுத்துவிட்டதாகப் பிள்ளை நினைக்கும். ஒரு சிறுவனின் தோளுக்கு அது தாங்காத பாரம்.

பெறுபேறு வருவதற்கு முந்திய இரவே பிள்ளையிடம் ஒரு வசனம் சொல்லிவிடுங்கள்: "நாளைக்கு என்ன வந்தாலும் நாங்க மூணு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவம்." வந்த பின்பு சொன்னால் அது ஆறுதல் மட்டுமே, வருமுன்பு சொன்னால் வாக்குறுதி. பெறுபேறு வந்த நாட்களில் பிள்ளை பேசாமல் அறைக்குள் அடைந்து கிடந்தாலோ, வாழ்ந்து பயனில்லை என்பதுபோல் ஏதாவது சொன்னாலோ, ஜெபித்துவிட்டுத் தனியே விடாதீர்கள். அருகில் ஒருவர் இருங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926 ஐ அழையுங்கள்.

பலன் பற்றி யோசிக்கும்போது எனக்கு வில்லியம் ஓல்ட் நினைவுக்கு வருவார். 1814 இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி அவர். வரும் வழியிலேயே மனைவியைக் கடலில் இழந்தார். வந்து சில மாதங்களுக்குள் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1815 இல் இங்கேயே இறந்தும்போனார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கத்தை இன்றும் அந்த 1814 இலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். அவர் ஒரு பெறுபேற்றையும் கண்ணால் காணவில்லை.

ஆறாம் படி: வீடு கட்டுதல்

நம் பகுதியில் மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும். தாய்வழிக் குடிமுறை நிலவும் ஊர்களில் இது பெற்றோரின் கௌரவம். மகளுக்கு நல்ல காவலும்கூட. ஆனால் அந்த வீட்டுக்காகத் தாய் கட்டாருக்கோ சவூதிக்கோ போய், மகள் பத்து வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை தாயை வாட்ஸ்அப்பில் மட்டும் பார்த்து வளரும் குடும்பங்கள் எல்லாக் கிராமத்திலும் இருக்கின்றன. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கூரை போடாமல் நிற்கும் கல்வீடு ஒன்றைக் கடக்கும்போதெல்லாம், "கர்த்தர் வீட்டைக் கட்டாராகில், அதைக் கட்டுகிறவர்களின் பிரயாசம் விருதா" என்று தொடங்கும் அதே 127-ஆம் சங்கீதம் எனக்குக் கேட்கும். பிள்ளைகளைச் சுதந்தரம் என்று சொல்லும் வசனம் அந்த வீட்டுப் பேச்சுக்குப் பின்தான் வருகிறது.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அடுப்பு எரியாத வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. போகத்தான் வேண்டுமென்றால், பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கும் என்பதைப் பெயர் சொல்லித் தீர்மானியுங்கள். மோசேயின் தாய் அக்காவை நிறுத்தியதுபோல. "சொந்தக்காரர் எல்லாம் இருக்கினம்" என்றால் யாரும் இல்லை என்று பொருள். ஒருவரை, முடிந்தால் அம்மம்மாவையோ சின்னம்மாவையோ, நிறுத்துங்கள். பாடசாலை வகுப்பாசிரியருக்கும் அவரை அறிமுகம் செய்துவிட்டுப் போங்கள். போவது வீட்டின் அளவைக் கூட்டுவதற்காக மட்டும் என்றால், இன்னொரு முறை கொப்பியைத் திறந்து பாருங்கள்.

ஏழாம் படி: ஆண்டவரை நம்புவதும் ஆட்களை நம்புவதும்

இது சுருக்கமான படி. ஆனால் தவறவிடக் கூடாதது. ஆண்டவரிடம் பிள்ளையை ஒப்புக்கொடுப்பதால், ஆண்டவர் பெயரைச் சொல்லுகிற எல்லோரிடமும் பிள்ளையைத் தனியே விட வேண்டியதில்லை. போதகரோ, ஆசிரியரோ, மாமாவோ, ரியூசன் அண்ணாவோ யாரானாலும், பூட்டிய அறைக்குள் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியே இருக்கக் கூடாது என்பதை வீட்டின் சட்டமாகவும் சபையின் சட்டமாகவும் ஆக்குங்கள். உடலில் யாரும் தொடக்கூடாத இடங்கள் எவை என்பதைப் பாடசாலைக்குப் போகுமுன்பே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளை ஒரு பெரியவரைப் பற்றி ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள். "அவர் ஊழியக்காரர், அப்படிச் செய்ய மாட்டார்" என்பது உங்கள் முதல் வார்த்தையாக இருக்கக் கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. சபையின் பெயர் கெடும் என்று மூடி வைப்பது விசுவாசம் ஆகாது.

எட்டாம் படி: இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

மட்டக்களப்பில் இந்தப் பொருளைப் பற்றி எழுதுகிறவன் இரண்டு காலைகளைத் தாண்டிப் போக முடியாது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு. நத்தாருக்கு மறுநாள், கடல் எழும்பி வந்து நாவலடியிலும் கல்லடியிலும் பெற்றோரின் கையிலிருந்தே பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு போனது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, இறந்தவர்களுள் ஞாயிறு பாடசாலையை அப்போதுதான் முடித்திருந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பெற்றோர் பிள்ளைகளை ஒப்புக்கொடுக்காதவர்கள் அல்லர். அன்று காலையில் தலை வாரி, நல்ல உடுப்புப் போட்டு, ஆண்டவருடைய வீட்டுக்கே அனுப்பியிருந்தார்கள்.

ஆகவே புதியவர்களுக்கு நான் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: ஒப்புக்கொடுத்தல் என்பது பிள்ளைக்கு எந்தத் தீங்கும் வராது என்ற உத்தரவாதச் சீட்டு அல்ல. அப்படிச் சொல்லித் தருகிறவர்கள் உங்களுக்கு மணலின்மேல் வீடு கட்டித் தருகிறார்கள். தானியேல் புத்தகத்தில், ராஜாவின் சிலையை வணங்க மறுத்து எரிகிற சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபர்கள், தங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. "விடுவிக்காமற்போனாலும்" என்று அடுத்த வார்த்தையையும் சொன்னார்கள். கிறிஸ்தவ நம்பிக்கையின் எடை முழுவதும் அந்த இரண்டாவது வார்த்தையில் நிற்கிறது. சாவுக்குப் பின்னும் பிள்ளை அவர் கையைவிட்டுப் போகவில்லை என்பதே உயிர்த்தெழுதலை நம்புகிறவன் சொல்லக்கூடியது. இதற்கு மேல் எனக்கு விடை கிடையாது. பெயர் பொறித்த நினைவுக் கல்லின் முன் நின்று விடை வைத்திருப்பதாகச் சொல்லுகிறவர்களை நான் நம்புவதுமில்லை.

பிள்ளையை இழந்த வீட்டுக்குப் போனால், "ஆண்டவருக்கு அந்தப் பூ தேவைப்பட்டது" என்று சொல்லாதீர்கள். லாசருவின் கல்லறைக்குப் போகும் வேளையில், அவனை எழுப்பப்போவதை அறிந்திருந்தும், இயேசு கண்ணீர் விட்டார். நீங்களும் பாயில் பக்கத்தில் இருங்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். முப்பத்தோராம் நாளுக்குப் பின்பும் போங்கள். அதற்குப் பின்தான் அந்த வீட்டில் ஆட்கள் குறைவார்கள்.

இந்தப் படியிலும் பூச வேண்டிய கீல் உண்டு. கரையோரத்தில் இருப்பவர்கள், நிலம் பலமாக அதிர்ந்தாலோ கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ அறிவித்தலுக்குக் காத்திராமல் எந்தப் பாதையால் உள்நாட்டுப் பக்கம் போவது என்பதைப் பிள்ளைகளோடு ஒரு தடவை நடந்தே பாருங்கள்.

ஒன்பதாம் படி: வழி விலகிய பிள்ளை

"பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து" என்ற நீதிமொழியைப் பல பெற்றோர் ஒப்பந்தமாக வாசிக்கிறார்கள். மகன் சபைக்கு வராமல் போனால் ஒப்பந்தத்தில் தாங்கள் எங்கோ தவறிவிட்டதாக வெட்கப்பட்டு, தாங்களும் சபைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். நீதிமொழிகள் வாழ்க்கை பொதுவாக எப்படிப் போகும் என்று சொல்லுகின்றன. லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில் வரும் தகப்பன் நல்ல தகப்பன். அப்படியிருந்தும் இளைய மகன் தன் பங்கை வாங்கிக்கொண்டு தூரதேசத்துக்குப் போனான்.

நான்காம் நூற்றாண்டில் வட ஆபிரிக்காவில் மோனிக்கா என்ற தாய், மகன் அகுஸ்தீனுக்காகப் பல ஆண்டுகள் அழுது ஜெபித்தாள். ஆயர் ஒருவரிடம் போய், மகனோடு வாதாடி அவனைத் திருத்தும்படி மன்றாடியபோது அவர் மறுத்தார். இப்போதைக்கு அவனை விடு, அவனுக்காக ஜெபித்துக்கொண்டிரு என்றார். அவள் விடாமல் அழுதபோது, இத்தனை கண்ணீரின் பிள்ளை அழிந்துபோக முடியாது என்று சொல்லி அனுப்பினார். அந்த மகன் கரையில் தாயை ஏமாற்றிவிட்டு இரவோடிரவாக ரோமுக்குக் கப்பலேறினான். அவள் பின்தொடர்ந்து இத்தாலிக்கே போனாள். அவன் 387 இல் மிலானில் ஞானஸ்நானம் பெற்றான். அதே ஆண்டில் அவள் இறந்தாள். ஆயர் சொன்னதில் முதற்பாதியை நாம் மறந்துவிடுகிறோம்: வாதாடுவதை நிறுத்து. இருபது வயது மகனுக்கு ஒவ்வொரு சோற்றுக் கோப்பையோடும் ஒரு பிரசங்கம் கொடுக்காதீர்கள். சோற்றை மட்டும் கொடுங்கள்.

ஐஸ், கஞ்சா போன்ற போதையில் விழுந்த பிள்ளைக்கு இது வேறு. அங்கே ஜெபத்தோடு வைத்தியரும் வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் வெட்கமில்லாமல் கேளுங்கள். கையில் காசு கொடுக்காதீர்கள். இளைய குமாரனுடைய தகப்பன் மகனைத் தூரத்தில் கண்டதும் ஓடினான். ஆனால் தூரதேசத்துக்குச் செலவுக்காசு அனுப்பியதாக எழுதப்படவில்லை.

கடைசிப் படி: அனுப்பிய பின்பு

இயேசுவுக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது, அவர் கூட்டத்தில்தான் வருகிறார் என்று நினைத்து மரியாளும் யோசேப்பும் ஒரு நாள் பயணம் போய்விட்டார்கள். மூன்று நாளுக்குப் பின் தேவாலயத்தில் கண்டுபிடித்தார்கள். பரிசுத்த குடும்பத்திலேயே இது நடந்திருக்கிறது என்பதை, மகன் முதன்முதலாகத் தனியே கல்லடிப் பாலத்தைக் கடந்து போன நாளில் நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். விடுவது ஒரே நாளில் நடப்பதல்ல. மூன்று வயதில் பாலர் பாடசாலை வாசல், பத்து வயதில் கடை, பன்னிரண்டில் பாலம், பதினாறில் போன், பத்தொன்பதில் ரயில் என்று ஒவ்வொரு கட்டத்திலும் சற்றுச் சற்றாகக் கயிற்றை விட்டுப் பழகினால், கடைசிக் கட்டம் வரும்போது கை அவ்வளவு நடுங்காது.

எங்கள் மகள் கொழும்புக்குப் படிக்கப் போன காலையில் உதயதேவி ரயிலில் ஏற்றிவிட்டோம். வாழைச்சேனை, வெலிக்கந்தை, பொலன்னறுவை என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் என் மனைவி அழைப்பு எடுத்தாள். மகாவைத் தாண்டியபோது மகள், "அம்மா, நான் நித்திரை கொள்ளப்போறன், வையுங்க" என்றாள். அன்றிரவு கொப்பியில் இடது பக்கம் எழுத எங்களுக்கு எதுவும் இருக்கவில்லை.

பின்பு ஒரு வழி கண்டுகொண்டோம். சாமுவேலை சீலோவில் ஆண்டவருடைய வீட்டில் விட்டுவந்த அன்னாள், ஆண்டுதோறும் பலியிடப் போகும்போது அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள் என்று முதலாம் சாமுவேல் இரண்டாம் அதிகாரம் சொல்லுகிறது. பிள்ளை கண்முன் இல்லாததால், ஓராண்டில் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனதால் அளந்துதான் அவள் துணியை வெட்டியிருப்பாள். என் மனைவி மாதம் ஒரு முறை கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் பயத்தம் பணியாரமும் கருவாட்டுத் தூளும் பொதி கட்டிக் கொடுத்துவிடுகிறாள். பொதிக்குள் துண்டில் ஒரு வசனம் எழுதி வைப்பதுண்டு. மகள் அதைப் பற்றி எதுவும் சொல்லுவதில்லை; கருவாட்டுத் தூள் காரம் கூட என்று மட்டும் சொல்லுவாள். அடுத்த பொதியில் மிளகாயைக் குறைத்துவிடுகிறோம்.